சந்தன மரமா, பொன்வண்டா: எதற்கு ஆபத்து அதிகம்?

அஞ்செட்டிப் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில் வேலை பார்க்கும் என் பழைய மாணவன் போன வாரம் ஒரு கேள்வி அனுப்பியிருந்தான். "சார், எங்க பசுமைப் படைப் பிள்ளைங்களுக்குள்ள பெரிய வாக்குவாதம். அழிஞ்சிட்டு வர்ற மரம்னு சந்தனத்தையும், அழிஞ்சிட்டு வர்ற பூச்சின்னு பொன்வண்டையும் எடுத்துக்கிட்டாங்க. ரெண்டுல எதுக்கு ஆபத்து அதிகம், எதை முதல்ல காப்பாத்தணும்னு கேக்கறாங்க. மரத்தையும் வண்டையும் எப்படி சார் ஒப்பிடறது?"

தம்பி, இதை நாலு வரியில் சொல்லி முடிக்க மனம் வரவில்லை. முப்பது வருடம் தாவரவியல் நடத்தியவன் நான். அதனால் சந்தனத்தின் பக்கம் சாய்வேன் என்று நீ நினைத்திருக்கலாம். பட்டியலைப் பார்த்துச் சொல்வதானால் சந்தனம்தான். நம் ஊர்க் கரட்டு மேட்டில் நின்று சொல்வதானால் பொன்வண்டு. இரண்டு பதிலும் ஏன் இப்படி வேறாகின்றன என்பது பிள்ளைகளுக்குப் புரிந்தால், எதை முதலில் என்ற கேள்வியும் தெளிந்துவிடும்.

முதலில் பட்டியல். பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் வெளியிடும் சிவப்புப் பட்டியலில் சந்தனம் 1998இலேயே அழிவாய்ப்பு இனமாக ஏறிவிட்டது. அந்தப் பட்டியலில் ஓர் உயிரைச் சேர்க்க ஐந்து வகை அளவுகோல்கள் உண்டு. எண்ணிக்கை எவ்வளவு சரிந்தது, எவ்வளவு பரப்பில் மிச்சம் இருக்கிறது, முதிர்ந்த உயிர்கள் எத்தனை என்பவை அவற்றில் முக்கியமானவை. எண்ணிக்கைச் சரிவைப் பத்து ஆண்டு அல்லது மூன்று தலைமுறை, இரண்டில் எது நீளமோ அந்தக் காலத்துக்குக் கணக்கிட வேண்டும். இந்த ஒரு விதியிலேயே மரமும் வண்டும் பிரிந்துவிடுகின்றன. சந்தனத்துக்கு மூன்று தலைமுறை என்றால் நம் தாத்தா காலத்துக்குப் போக வேண்டும். அந்தக் காலத்துக் கணக்கு நம்மிடம் இருக்கிறது, ஏனென்றால் ஒவ்வொரு கட்டையும் எடை போட்டு ஏலம் விட்ட சரக்கு. பொன்வண்டுக்கு மூன்று தலைமுறை ஆறேழு ஆண்டுக்குள் முடிந்துவிடும், ஆகவே பத்து ஆண்டைப் பார்த்தால் போதும். ஆனால் பத்து ஆண்டுக்கு முன் உங்கள் ஊர் வேலமரத்தில் எத்தனை பொன்வண்டு இருந்தது என்று யார் எழுதி வைத்தார்கள்?

நாம் தீப்பெட்டியில் வைத்து வளர்த்த பொன்வண்டுகள் ஸ்டெர்னோசீரா என்ற பேரினத்தைச் சேர்ந்தவை. சிவப்புப் பட்டியலில் அவற்றுக்கு ஒரு வரி கூட இல்லை. நலமாக இருப்பதால் விட்டுவிட்டார்கள் என்று இதற்குப் பொருள் கொள்ளாதே. யாரும் இன்னும் பார்க்கவில்லை, அவ்வளவுதான். மரங்களை எடுத்துக்கொண்டால் 2024இல் வந்த உலகளாவிய மதிப்பீட்டில் 47,282 இனங்களைப் பார்த்து, அவற்றில் 16,425 இனங்கள் அழியும் ஆபத்தில் உள்ளன என்று சொல்லிவிட்டார்கள். உலகில் இதுவரை பெயரிடப்பட்ட வண்டினங்கள் ஏறத்தாழ நான்கு லட்சம். அவற்றில் மதிப்பிடப்பட்டவை மிகச் சிறு பகுதி. ஐரோப்பாவில் பட்ட மரங்களை நம்பி வாழும் வண்டுகளில் எழுநூறு இனங்களைப் போல ஆராய்ந்து 2018இல் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். ஆறில் ஒன்றுக்கு மேல் ஆபத்தில் இருப்பதாக வந்தது. தேடிப் பார்த்த இடத்தில் அந்த நிலை.

சந்தனத்தைப் பற்றி நம் பிள்ளைகளுக்கு ஓரளவு தெரியும். ஆனால் மணத்தையும் கடத்தலையும் தாண்டி அதன் பிழைப்பைச் சொல்லிக் கொடு. சந்தனம் தனியாக வாழத் தெரியாத மரம். இலை பச்சையாக இருக்கிறது, தன் சர்க்கரையைத் தானே செய்துகொள்கிறது. ஆனாலும் தண்ணீருக்கும் தாது உப்புக்கும் பக்கத்துச் செடியின் வேரைப் பற்றிக்கொள்கிறது. வேர் நுனியில் சின்னச் சின்னக் குமிழ் போல உறிஞ்சிகள் உருவாகி அண்டை வேருக்குள் இறங்கும். இதை அரை ஒட்டுண்ணி என்கிறோம். புல் முதல் பெருமரம் வரை முந்நூறுக்கும் மேற்பட்ட தாவரங்களை அது இப்படிப் பற்றும் என்று பதிவுகள் உண்டு. அதனால்தான் நாற்றங்காலில் பொன்னாங்கண்ணியையோ துவரையையோ அதே பையில் கூடவே வளர்க்கிறார்கள்.

பாலக்கோட்டுப் பக்கம் என் உறவினர் ஒருவர் ஆசையாக நாற்று வாங்கி நட்டார். மா, தென்னைக்குச் செய்கிற மாதிரி சுற்றி ஒரு புல் கூட இல்லாமல் கொத்தி, பாத்தி கட்டி, சொட்டுநீர் விட்டார். இரண்டாம் வருடம் இலையெல்லாம் வெளிறி மஞ்சளாகிக் கன்றுகள் நின்ற இடத்திலேயே நின்றன. போய்ப் பார்த்துவிட்டு, "மாமா, களை எடுப்பதை நிறுத்துங்கள், சுற்றித் துவரை ஊன்றுங்கள், நடுவில் சவுக்கும் புங்கனும் வையுங்கள்" என்றேன். ஒரே மழைக்காலத்தில் கன்றுகள் நிறம் திரும்பின. சுத்தமான நிலம் சந்தனத்துக்கு ஆகாது என்பதை அன்று அவர் தன் கண்ணால் பார்த்தார். இந்தச் செய்தியை நினைவில் வை, பின்னால் வேண்டும்.

அந்த மணம் மரத்தின் உயிருள்ள வெளிப்பகுதியில் இல்லை. வெளியே இருக்கும் வெள்ளைக் கட்டையை முகர்ந்தால் ஒன்றும் தெரியாது. பத்துப் பதினைந்து வயதுக்கு மேல் நடுவில் வைரம் பாயத் தொடங்கும்போதுதான் சந்தன எண்ணெய் சேர்கிறது. வேரில்தான் எண்ணெய் மிகுதி, அதனால் வெட்டுகிறவன் அடியோடு தோண்டி எடுக்கிறான். வைரம் நன்றாகப் பாய முப்பது ஆண்டாவது வேண்டும். திருடனுக்கு அந்தப் பொறுமை கிடையாது. தண்டில் துளை போட்டுப் பார்ப்பான், வைரம் இல்லையென்றால் காயத்தோடு விட்டுப் போவான். இளமரங்கள் இப்படியே கெடுகின்றன.

நெருப்பைச் சந்தனம் தாங்காது, பட்டை மெல்லியது. ஸ்பைக் என்று ஒரு நோய் இருக்கிறது. 1899இல் குடகில் முதலில் பதிவானது. பைட்டோபிளாஸ்மா என்ற, செல் சுவரே இல்லாத நுண்ணுயிரால் வருவது, தத்துப்பூச்சிகள் பரப்புவது. இலை சிறுத்துச் சிறுத்துக் கிளை முழுக்கக் கூர்க்கதிர் போல நிமிர்ந்துகொள்ளும், இரண்டு மூன்று ஆண்டில் மரம் பட்டுப்போகும். இதற்கு மருந்து இன்று வரை இல்லை. இவ்வளவையும் தாண்டி ஒரு மரம் நின்றால் அதற்கு மனிதன் வருகிறான்.

மனிதன் வந்த கதை நம் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் கதை. திப்பு சுல்தான் 1792இல் சந்தனத்தை அரச மரமாக அறிவித்தார். வெள்ளைக்காரன் போனபின்பும் அந்த எண்ணம் போகவில்லை. ஒருவன் பட்டா நிலத்தில் தானாக முளைத்த சந்தனம் கூட அரசுக்கே சொந்தம் என்ற நிலை தமிழ்நாட்டில் 2002 வரை இருந்தது. என் சிறுவயதில் வேலியோரம் சந்தனக் கன்று தலைகாட்டினால் பெரியவர்கள் பிடுங்கிப் போடுவார்கள். மரம் வளர்ந்தால் லாபம் அவர்களுக்கு இல்லை. காணாமல் போனால் விசாரணை மட்டும் அவர்கள் வீட்டு வாசலுக்கு வரும். இந்த மரத்தைக் காப்பாற்றுவதற்காக எழுதிய சட்டம், இதை முளையிலேயே கிள்ள ஊர்க்காரனைப் பழக்கியது. சட்டம் மாறி இப்போது சொந்த நிலத்தில் வளர்க்கலாம், வெட்டுவதற்கு மட்டும் வனத்துறை வழியாகப் போக வேண்டும். ஆனால் அதற்குள் வேலியோர மரங்கள் இரண்டு தலைமுறையாகக் கைவிட்டுப் போய்விட்டன.

வாச்சாத்தியை உன் பிள்ளைகளுக்கு நீ சொல்லித்தான் ஆக வேண்டும். அரூர் வட்டம், சித்தேரி மலையடிவாரம். 1992 ஜூன் 20 அன்று சந்தனக் கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் அந்தப் பழங்குடி ஊருக்குள் நுழைந்தார்கள். பதினெட்டுப் பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள், ஊரே சூறையாடப்பட்டது. 269 பேர் மீது வழக்கு. 2011இல் தருமபுரி நீதிமன்றம் தீர்ப்புச் சொல்வதற்குள் 54 பேர் இறந்துவிட்டார்கள், மிச்சமிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பு வந்தது. அதைச் சென்னை உயர் நீதிமன்றம் 2023 செப்டம்பரில் உறுதி செய்தது. வீரப்பன் கதையைப் பிள்ளைகள் சினிமாவாகக் கேட்டிருப்பார்கள். 2004இல் பாப்பாரப்பட்டி அருகே அது முடிந்தது என்பதும் தெரிந்திருக்கும். ஒரு மரத்தின் விலை ஏறும்போது அதன் அடியில் வாழும் ஏழைகளுக்கு என்ன நடக்கிறது என்பதற்கு வாச்சாத்தியே சாட்சி. சந்தனத்தின் அழிவைப் பற்றிப் பேசுகிற எவரும் அந்த ஊரை விட்டுவிட்டுப் பேசக் கூடாது.

சரக்குக் கணக்கைப் பார். 1930களிலிருந்து 1950கள் வரை இந்தியா ஆண்டுக்குச் சுமார் 4,000 டன் வைரக்கட்டை எடுத்தது. இந்த நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் அது 500 டன் அளவுக்கு வந்துவிட்டது. அதே சமயம் மேற்கு ஆஸ்திரேலியாவில் நம் சந்தனத்தைத் தோட்டப் பயிராகப் பெருமளவில் வளர்க்கிறார்கள். ஆக, இனம் என்ற வகையில் சந்தனம் உலகத்தை விட்டு மறைந்துவிடப் போவதில்லை. சித்தேரியிலும் மேலகிரியிலும் ஜவ்வாதிலும் தானாக முளைத்துத் தானாக வைரம் பாய்ந்த சந்தனம்தான் போய்க்கொண்டிருக்கிறது. குறிஞ்சிப் பாடல்களில் ஆரம் என்றும் சாந்தம் என்றும் வருவது அந்த மரம், சொட்டுநீரில் வரிசை பிடித்து நிற்பது இல்லை.

இனிப் பொன்வண்டு. இதைப் பற்றி எழுதத் தொடங்கினாலே பென்னாகரத்துக்குக் கிழக்கே எங்கள் கொல்லை மேட்டுக்குப் போய்விடுகிறேன். ஆவணி மழை இரண்டு பெய்து, கரட்டில் புல் முளைத்ததும் வெள்வேல மரத்தில் பொன்வண்டு வந்துவிடும். வெயில் ஏறுவதற்குள் போக வேண்டும். காலைக் குளிரில் அது விறைத்துப்போய்க் கிளையைப் பிடித்துக்கொண்டிருக்கும், உலுக்கினால் கால்களை மடக்கிக்கொண்டு பொத்தென்று விழும். செத்துப்போன மாதிரி கிடப்பதும் அதன் தற்காப்பு. உள்ளங்கையில் வைத்தால் கொஞ்ச நேரத்தில் சூடு பிடித்து நடக்கத் தொடங்கும். தீப்பெட்டியில் வேல இலை போட்டு வைப்போம், மறுநாள் திறந்தால் அரிசி மாதிரி முட்டை கிடக்கும். அந்த முட்டையை யார் வண்டு போட்டது என்பதில் பெருமை. அது பொரித்து நான் ஒருநாளும் பார்த்ததில்லை.

ஏன் பொரிக்கவில்லை என்பது கல்லூரியில் படித்தபோதுதான் தெரிந்தது. இந்தக் குடும்பத்து வண்டுகளில் பெரும்பாலானவை மரத்தைக் குடைந்து உள்ளே வளர்பவை. ஸ்டெர்னோசீரா அப்படி இல்லை. பெண் வண்டு மண்ணில் முட்டையிடும். புழு மண்ணுக்குள்ளேயே இருந்து வேர்களை வெளியிலிருந்து கடித்துத் தின்று வளரும். தாய்லாந்தில் இதே பேரினத்து வண்டு ஒன்றை ஆராய்ந்தவர்கள் முட்டையிலிருந்து வண்டாக இரண்டு ஆண்டு பிடிப்பதாகச் சொல்கிறார்கள். மின்னிக்கொண்டு நாம் பார்க்கிற வண்டுக்கு ஆயுள் சில வாரங்கள். அதாவது, பொன்வண்டு என்று நாம் சொல்வது ஒரு நீண்ட மண்வாழ்க்கையின் கடைசி அத்தியாயம் மட்டும். மீதி வாழ்க்கையை நம்மில் யாரும் பார்த்ததே இல்லை.

அந்தப் பச்சை மினுக்கு சாயம் கிடையாது. இறக்கை உறையின் மேல் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய அடுக்குகள் பல இருக்கின்றன. ஒளி அவற்றில் பட்டுத் திரும்பும்போது சில நிறங்கள் வலுக்கின்றன, சில நீங்குகின்றன. சோப்புக் குமிழில் நிறம் தெரிகிறதே, அதே வழி. சாயமாக இருந்தால் வெளுக்கும், இது வெளுக்காது. ஆகவே செத்த வண்டின் உறை நூறு வருடம் கழித்தும் மின்னுகிறது. 19ஆம் நூற்றாண்டில் மதராஸிலிருந்து இந்த உறைகளைத் தைத்த மஸ்லின் துணிகள் கப்பலேறின. லண்டனில் 1888இல் எல்லன் டெர்ரி என்ற நடிகை மேக்பெத் சீமாட்டியாக நடிக்கப் போட்ட பச்சை அங்கியில் ஆயிரம் வண்டு உறைகள் இருந்தன. அதை ஓவியமாகவும் வரைந்து வைத்திருக்கிறார்கள். இவ்வளவு மின்னுவது பறவைக்குத் தெரிந்துவிடாதா என்று பிள்ளைகள் கேட்பார்கள். பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தார் இந்தப் பேரினத்து வண்டின் உறைகளையே இலைகளில் ஒட்டி வைத்துப் பார்த்து 2020இல் முடிவை வெளியிட்டார்கள். பார்க்கிற கோணத்துக்கு ஏற்ப நிறம் மாறுவதால் உருவத்தின் விளிம்பு குழம்பி, பறவைகள் மற்ற நிற உறைகளைவிட இவற்றைக் குறைவாகவே கண்டுபிடித்தன. மினுக்கே மறைவிடம். நனைந்த இலைகளுக்கு நடுவே ஒரு பொன்வண்டைத் தேடியவனுக்கு இது ஆச்சரியமாக இருக்காது.

இப்போது எங்கள் கொல்லை மேட்டில் பொன்வண்டு இல்லை. கடைசியாகப் பார்த்து எத்தனை வருடம் என்று கூடச் சரியாகச் சொல்ல முடியவில்லை, அதுவே எனக்கு வருத்தம். மரம் வெட்டப்பட்டால் அடிக்கட்டை நிற்கும், வழக்கு பதிவாகும், மறுநாள் செய்தித்தாளில் வரும். ஒரு வண்டு வராமல் போனால் எந்த வருடத்திலிருந்து வரவில்லை என்பதே தெரியாது.

தீப்பெட்டிதான் காரணம் என்று சிலர் சொல்வார்கள். நான் ஒப்பமாட்டேன். எங்கள் காலத்தில் ஊரில் அத்தனை பிள்ளைகளும் பிடித்தோம், மறு வருடமும் அத்தனை வண்டு வந்தது. காரணம் மண்ணில் இருக்கிறது. வெள்வேலம் நின்ற மேய்ச்சல் புறம்போக்கு எல்லாம் ஒவ்வொன்றாகப் போகிறது. ஓசூரைச் சுற்றி மனைப் பிரிவாகிறது, சில இடம் கல் குவாரி ஆகிறது, சில இடம் போர்வெல் போட்டு மாந்தோப்பும் ரோஜாவும் ஆகிறது. உழாமல் கிடந்த வரப்போரத்தையும் ரோட்டவேட்டர் புரட்டுகிறது. இரண்டு வருடம் மண்ணுக்குள் கிடக்க வேண்டிய புழுவுக்கு, அந்த இரண்டு வருடத்தில் ஒரே ஒரு ஆழ உழவு போதும். சீமைக்கருவேலத்தை அகற்றுகிறோம் என்று வரும் ஜேசிபி வெள்வேலத்தையும் கருவேலத்தையும் பார்த்துப் பிரிப்பதில்லை. முள் இருந்தால் வேரோடு பெயர்க்கிறது. சீமைக்கருவேலம் போக வேண்டியதுதான், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஓட்டுநரின் பக்கத்தில் மரம் தெரிந்த ஒருவர் நிற்க வேண்டும் என்கிறேன்.

பட்டியலில் ஏறிய வண்டு ஒன்றின் கதையையும் பிள்ளைகளுக்குச் சொல். அமெரிக்கப் புதைக்கும் வண்டு என்று ஒன்று. எலி, சிறு பறவை செத்துக் கிடந்தால் ஆணும் பெண்ணும் சேர்ந்து அதை மண்ணில் புதைத்து, அதைத் தின்னக் கொடுத்தே குஞ்சுகளை வளர்க்கும். பெற்றோர் இருவரும் குஞ்சுகளுக்கு ஊட்டும் பழக்கம் பூச்சிகளில் மிக அரிது. அந்நாட்டில் 35 மாநிலங்களில் இருந்த வண்டு. 1989இல் அரசு அதை அழியும் இனமாக அறிவித்தபோது ரோட் ஐலண்டின் ஒரு தீவிலும் ஓக்லஹோமாவின் ஒரு மூலையிலும் மட்டுமே மிஞ்சியிருந்தது தெரிந்தது. அதை யாரும் பிடித்து விற்கவில்லை. அதற்கு ஏற்ற எடையுள்ள பிணங்கள் நிலத்தில் குறைந்தது முக்கியக் காரணம் என்கிறார்கள். கூட்டம் கூட்டமாக இருந்த பயணிப் புறா அழிந்ததையும் சிலர் இதோடு சேர்க்கிறார்கள். பிறகு பிடித்து வளர்த்து விட்டார்கள், வேறு மாநிலங்களிலும் இருப்பது தெரியவந்தது, 2020இல் ஒரு படி குறைந்த ஆபத்து நிலைக்கு மாற்றினார்கள். ஒரு வண்டு போகிறது என்றால் வண்டைப் பார்த்துக் காரணம் தெரியாது. அது தின்பது, அது கிடக்கும் மண், இவற்றைப் பார்க்க வேண்டும்.

இப்போது நீ கேட்ட ஒப்பீட்டுக்கு வருகிறேன். சந்தனம் விலை இருந்ததால் குறைந்தது, பொன்வண்டு விலை இல்லாததால் கவனிப்பாரற்றுக் குறைகிறது. சந்தனத்தில் ஒவ்வொரு மரமும் கணக்கு. முப்பது வயது மரம் ஒன்று போனால் அந்த முப்பது வருடத்தை எந்தத் திட்டமும் திருப்பித் தராது. பொன்வண்டில் ஒவ்வொரு வண்டும் கணக்கில்லை, ஒவ்வொரு திட்டும் கணக்கு. ஒரு கரட்டில் நூறு வண்டு செத்தாலும் மண்ணில் முட்டை இருந்தால் மீளும். கரடே மனையாகிவிட்டால் ஒரே மாதத்தில் எல்லாத் தலைமுறையும் சேர்ந்து போகும். சந்தனத்துக்கு மாற்றிடம் உண்டு: நாற்றங்கால், விதை, தோட்டம், ஆஸ்திரேலியா. பொன்வண்டை நாற்றுப் பையில் வளர்த்து நட்ட ஊர் எதையும் நான் பார்த்ததில்லை. சந்தனத்துக்குக் காவலர் உண்டு. 2014இல் காவிரி வடக்கு, 2022இல் காவிரி தெற்கு என்று நம் இரண்டு மாவட்டத்திலும் வனவிலங்குச் சரணாலயங்கள் வந்தன. அங்கே நிற்கிற சந்தனத்துக்கு ஓரளவு பாதுகாப்பு. நான் பொன்வண்டு பார்த்த இடமெல்லாம் அந்த எல்லைக்கு வெளியே, ஆடு மேய்கிற இடத்தில். வருவாய்த்துறைக் கணக்கில் அதற்குத் தரிசு என்று பெயர்.

ஆகவே பிள்ளைகளிடம் என் தீர்ப்பைக் கேட்டால் இப்படிச் சொல்: சந்தனத்துக்கு நேர்ந்த இழப்பு பெரியது, ஆனால் அந்த இனத்துக்கு மீளும் வழி இருக்கிறது. பொன்வண்டின் இழப்பு எவ்வளவு என்று கூடத் தெரியாது, நம் ஊரில் அது போனால் திருப்பிக் கொண்டுவரும் வழியும் கையில் இல்லை. நம் மாவட்டத்துக்கு மட்டும் பேசுவதானால் வண்டுக்குத்தான் அவசரம் அதிகம்.

ஆனால் பாலக்கோட்டு மாமாவின் கன்றுகளை நினைவில் வைக்கச் சொன்னேனே, அதற்கு வா. சந்தன விதையைக் காட்டில் விதைப்பது யார்? சின்னான், மைனா, குயில். பழம் கறுத்ததும் தின்றுவிட்டுப் போய் உட்காரும் இடம் முள்மரம். எச்சத்தோடு விதை விழும் இடம் முட்புதரின் அடி. அங்கே ஆடு வாய் வைக்க முடியாது, நிழல் இருக்கிறது, பற்றிக்கொள்ள வேலமர வேர் இருக்கிறது. இயற்கையில் சந்தனக் கன்று பிழைக்கிற இடம் அதுதான். அதே வேலமரத்தின் இலையைத்தான் ஆவணியில் பொன்வண்டு தின்கிறது, அதே அடிமண்ணில்தான் முட்டை வைக்கிறது. இரண்டு உயிருக்கும் தேவை ஒரே இடம்: உழாத, கொளுத்தாத, முள் நிறைந்த, யாருக்கும் பயனில்லை என்று நாம் நினைக்கிற ஒரு ஏக்கர் கரடு. எதை முதலில் காப்பது என்று பிள்ளைகள் சண்டை போடத் தேவை இல்லை. உங்கள் ஊரில் அப்படி ஒரு கரடு இன்னும் இருக்கிறதா என்று தேடச் சொல்.

இருந்தால் செய்ய வேண்டியது எளிது. பத்து வேலமரத்தைத் தேர்ந்தெடுத்து எண் எழுதிய தகரத்தைக் கயிற்றில் கட்டுங்கள், ஆணி அடிக்க வேண்டாம். ஆவணி பிறந்ததிலிருந்து புரட்டாசி முடிய, வாரம் ஒரு நாள், காலை ஏழு மணிக்குள் போய் ஒவ்வொரு மரத்திலும் எத்தனை பொன்வண்டு என்று எண்ணி நோட்டில் எழுதுங்கள். பூஜ்யம் என்றாலும் எழுத வேண்டும், அதுவும் கணக்கு. எந்த மரம், மழை எந்த நாள் பெய்தது, வண்டின் உறை பச்சையா செம்பழுப்பா என்பதும் வேண்டும். இரண்டு நிறத்திலும் வெவ்வேறு இனங்கள் உண்டு. தீப்பெட்டியை நான் தடுக்க மாட்டேன், தொட்டுப் பார்க்காத உயிர் மேல் பிள்ளைக்குப் பாசம் வராது. ஆனால் மாலைக்குள் பிடித்த மரத்தடியிலேயே விட்டுவிட வேண்டும், முட்டை மண்ணுக்குப் போய்ச் சேரட்டும். அதே மரங்களின் அடியில் சந்தனக் கன்று இருக்கிறதா என்றும் பாருங்கள். எதிரெதிராக இரண்டு இரண்டு இலை, அடிப்பக்கம் கொஞ்சம் வெளிறி இருக்கும். இருந்தால் நோட்டில் எழுதி உள்ளூர் வனக்காவலரிடம் சொன்னால் போதும். எந்த இடம் என்று படம் பிடித்து யாருக்கும் அனுப்ப வேண்டாம், கன்றுக்கு அது நல்லதில்லை.

முதல் கணக்கெடுப்புக்கு நானும் வருகிறேன். முந்தின நாள் மாலையே வந்து உன் வீட்டில் தங்கிக்கொள்கிறேன். பிள்ளைகளைக் கனமான அடி வைத்த செருப்புப் போட்டுக்கொண்டு வரச் சொல், வெள்வேல முள் ரப்பர் செருப்பைத் துளைத்துவிடும்.